திராட்சை மதுவும் தமிழர் விருந்தும்

நண்பர் சிலரை மாலை வேளையில் இல்லத்துக்கு அழைத்து, நான்கைந்து வகைத் திராட்சை மதுவைச் சிற்றளவில் சுவைத்துப் பார்த்து, அவற்றோடு இயையும் உணவுகளையும் பரிமாறி அளவளாவும் விருந்துமுறை ஒன்று உண்டு. மேனாட்டில் தோன்றிய இவ்வழக்கம் இன்று பெங்களூரில் புதுமையன்று. அல்சூர் ஏரிக்கு அணித்தே உள்ள ஜோகுபாளையத்தில், தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் மலையாளிகளும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். அத்தகைய இடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இவ்விருந்தை நடத்த விரும்பினால், எதை அறிந்திருத்தல் வேண்டும், எதைத் தவிர்த்தல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள்.

இதில் தமிழருக்கென்று ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் 2009ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திறந்துவைக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை நிற்கிறது. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் அவர். சேலம் மாவட்டத்தில் 1937ஆம் ஆண்டு இராஜாஜியின் அமைச்சரவை தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்து, பல்லாண்டுகள் நீடித்தது. ஆதலின் நம்மவர் பலருக்கு மது என்றவுடன் நினைவுக்கு வருவது குடிகெடுத்த குடியே. அந்த அச்சம் அடிப்படையற்றதன்று. எத்தனையோ இல்லங்களின் கண்ணீர் அதன் பின்னே நிற்கிறது.

எனினும் மறுபுறமும் ஒன்றுண்டு. யவனர் கலங்களில் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் ஒருவன் பருகியதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியுள்ளார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. திராட்சை மதுவையும், ஒலிவ எண்ணெயையும், மீன் சாற்றையும் ஏற்றிவந்த கலங்கள் அவை. ஆகவே, இப்பொருளைப் பற்றி அறிவது நமக்கு முற்றிலும் அந்நியமான முயற்சியாகாது. அறிந்தபின் ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை.

பெங்களூருக்கும் திராட்சைக்கும் உள்ள உறவு பழையது. நகரைச் சூழ்ந்த தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம் பகுதிகளில் விளையும் 'பெங்களூர் ப்ளூ' என்னும் கருநீலத் திராட்சையை நம் சந்தைகளில் காணாதார் இலர். தனி மணமும் புளிப்பும் கொண்ட அப்பழம் சாற்றுக்கும் இனிப்பு மதுவுக்கும் ஏற்றது. மேசையில் உணவோடு பருகும் மதுவுக்கு ஐரோப்பிய இனங்களே பெரிதும் வேண்டப்படுகின்றன. நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் 1988ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் அத்தகைய கொடிகளை இம்மண்ணில் வளர்த்து வழிகாட்டியது. 2007இல் கருநாடக அரசு திராட்சை மதுவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, ஒரு வாரியத்தையும் அமைத்தது. ஆகவே பெங்களூரில் விருந்து நடத்துவோர் கடல் கடந்த புட்டிகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை; நந்தி மலையிலும் நாசிக்கிலும் விளைந்தவையே போதும்.

இனி, விருந்தின் ஏற்பாடுகளைக் காண்போம்.

விருந்தினர் எட்டுப் பேருக்கு மேற்படாதிருத்தல் நன்று. நான்கு வகை மது போதுமானது. ஒரு புட்டியின் கொள்ளளவு 750 மில்லி லிட்டர். ஒருவருக்கு ஒரு வகையில் 50 மில்லி ஊற்றினால், எட்டுப் பேருக்கு 400 மில்லியே செலவாகும். வகைக்கு ஒரு புட்டி தாராளமாகப் போதும். நான்கு வகையையும் ஒருவர் முழுவதுமாகப் பருகினாலும் 200 மில்லியே உட்செல்லும். நூற்றுக்கு 13 பங்கு மதுசாரம் உள்ள மதுவாயின், அதில் ஏறத்தாழ 20 கிராம் மதுசாரம் இருக்கும். இக்கணக்கை விருந்தளிப்பவர் மனத்தில் இருத்துவது இன்றியமையாதது. மீந்த புட்டிகளை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டுமேயன்றி, 'வீணாகிறதே' என்று மீண்டும் மீண்டும் ஊற்றலாகாது.

கலம் கண்ணாடியாக இருத்தல் வேண்டும். வயிறு பருத்து வாய் குறுகியதாயின் மணம் உள்ளே திரண்டு நிற்கும். நம் வீட்டு எவர்சில்வர் தம்ளர் காப்பிக்கு உகந்தது, இதற்கு உதவாது. அன்று மாலை கூடத்தில் ஊதுவத்தியும் சாம்பிராணியும் வேண்டா. மேசைமீது மல்லிகைச் சரமும் கூடாது. அவற்றின் மணம் மதுவின் மென்மணத்தை மூழ்கடித்துவிடும். வெண்மதுவைப் பரிமாறும்போது 8 முதல் 12 பாகை செல்சியஸ் வரையிலும், செம்மதுவை 15 முதல் 18 பாகை வரையிலும் குளிர்ச்சி இருத்தல் நன்று. செம்மதுவை அறையின் வெப்பநிலையிலேயே பருகலாம் என்பது குளிர்நாட்டு அறைகளுக்கு ஏற்பட்ட விதி. சித்திரை மாதத்துப் பெங்களூருக்கு அது பொருந்தாது. அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுத்தல் வேண்டும்.

வரிசையும் முக்கியமானது. மென்மையானதற்குப் பின் கனமானது, வெண்மைக்குப் பின் செம்மை, இனிப்பற்றதற்குப் பின் இனிப்பானது என்று செல்லுதல் முறை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே தண்ணீரும் சிறிது வெறும் பொரியும் தந்தால் நாக்குத் தூய்மையாகும். புட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றி எண்ணிட்டு வைத்தால், விலையையும் பெயரையும் கண்டு மயங்காமல் தம் நாவையே விருந்தினர் நம்புவர். சுவைத்தபின் உமிழ்வதற்கு ஒரு பாத்திரம் வைப்பதும் மரபே. அதைப் பயன்படுத்துவோரை எவரும் நகைப்பதில்லை.

சுவைக்கும் முறை நான்கு படிகளால் ஆனது. முதலில் வெள்ளைத் தாளின் முன்னே பிடித்து நிறத்தைக் காண்க. அடுத்துக் கலத்தை மெல்லச் சுழற்றி மணத்தை முகர்க. பின்னர் ஒரு வாய் எடுத்து நாவெங்கும் பரவவிடுக. இறுதியாக, உட்கொண்டோ உமிழ்ந்தோ, வாயில் எஞ்சி நிற்கும் சுவையைக் கவனிக்க.

இங்கே மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். மதுவைப் பற்றிய ஆங்கிலச் சொற்களை அப்படியே தமிழாக்கினால் பொருள் கெடும். 'டிரை' என்றால் உலர்ந்தது என்பதன்று. இனிப்பற்றது என்பதே பொருள். 'பாடி' என்பது உடல் அன்று. தண்ணீர் கலந்த பாலுக்கும் திக்கான பாலுக்கும் வாயில் உள்ள வேற்றுமையை நினைத்துக்கொண்டால், 'கனம்' என்ற சொல் தானே வரும். ஆனால் ஓரிடத்தில் தமிழ் தயங்க வேண்டுவதே இல்லை. செம்மது நாவைச் சுருட்டிப் பிடிக்கும் உணர்வை ஆங்கிலேயர் சுவைகளுள் ஒன்றாக எண்ணி வைக்கவில்லை. அறுசுவை கண்ட நமக்கோ அது துவர்ப்பு. பாக்கையும் வாழைப்பூவையும் நாவற்பழத்தையும் அறிந்த பாட்டி அதை உடனே சொல்லிவிடுவார். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வாயின் வழவழப்புக் குறைகிறது. அதுவே அத்துவர்ப்பின் காரணம்.

இனி உணவுக்கு வருவோம். மேனாட்டு நூல்கள் பாலாடைக் கட்டியைச் சொல்லும். நம் சமையலறையோ மிளகாயையும் புளியையும் அடிப்படையாகக் கொண்டது. மிளகாயின் எரிவு, வெப்பத்தை உணரும் நரம்பின் வழியே தோன்றுவது. ஏறத்தாழ 42 பாகை வெப்பத்தில் தூண்டப்பெறும் அவ்வுணர்வாயில், மதுசாரம் சேர்ந்தால் 34 பாகையளவிலேயே தூண்டப்படுவதாக 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. நம் உடலின் வெப்பமே 37 பாகை. ஆகவே, காரமான கறியோடு மதுசாரம் மிக்க, துவர்ப்பு மிக்க செம்மதுவைப் பருகினால் எரிவு பெருகுமேயன்றித் தணியாது. காரத்துக்கு ஏற்றது, குளிர்ந்ததும் சற்றே இனிப்புடையதுமான வெண்மது. 'செனின் பிளாங்க்' திராட்சையில் அத்தகையது கிடைக்கும்.

புளிப்புக்குப் புளிப்பே துணை. எலுமிச்சை பிழிந்த மீன் வறுவலுக்குப் புளிப்பு மிகுந்த 'சோவிஞான் பிளாங்க்' இயையும். புளிப்புக் குறைந்த மது அதன்முன் சப்பென்றாகிவிடும். எண்ணெயில் பொரித்த மெதுவடைக்கும் பக்கோடாவுக்கும் நுரைக்கும் வெண்மது பொருந்தும். அதன் புளிப்பும் குமிழியும் எண்ணெய்ப்பசையை அறுக்கும். புதினாவும் கொத்தமல்லியும் மணக்கும் பெங்களூர்த் தொன்னை பிரியாணிக்குக் குளிர்ந்த இளஞ்சிவப்பு மது ஏற்றது. மிளகாயைக் குறைத்து மிளகை மிகுத்துச் செய்த ஆட்டுக்கறிச் சுக்காவுக்கு 'ஷிராஸ்' என்னும் செம்மது துணையாகும். மிளகின் மணத்துக்குரிய ரொட்டண்டோன் என்னும் பொருளே ஷிராஸ் திராட்சையிலும் உள்ளதென்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2008இல் கண்டறிந்தனர். இறைச்சியின் கொழுப்பும் உப்பும் அதன் துவர்ப்பையும் தணிக்கும்.

மைசூர்பாகு போன்ற இனிப்போடு இனிப்பற்ற மது வெறும் காடியாகத் தோன்றும். பண்டத்தைவிட மது இனிப்பாயிருத்தல் வேண்டும் என்பதே விதி. ரசத்துக்கும் வற்றற்குழம்புக்கும் துணை தேடி வருந்த வேண்டா. அவை தனித்தே சிறப்பவை. முடிவில் தயிர்ச்சோறு வரட்டும். தயிரின் புரதம் மிளகாயின் காரத்தைப் பற்றி நீக்கும். வயிறும் நிறையும்.

இவ்வளவும் கூறியபின், விருந்தோம்பலின் உயிர்நாடி எது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. பருகாத விருந்தினர் ஒருவரேனும் இருப்பார். சமயத்தாலோ, உடல்நலத்தாலோ, வீட்டில் கண்ட துன்பத்தாலோ அவர் விலகி நிற்கலாம். காரணம் கேட்பது பண்பன்று. பெங்களூர் ப்ளூ திராட்சையின் சாறும், மோரும், பானகமும் அதே போன்ற கண்ணாடிக் கலங்களில் அவருக்கும் வரிசையாக வரட்டும். அவரும் நிறம் காணலாம், மணம் முகரலாம், உணவுப் பொருத்தம் கூறலாம். 'ஒரு வாய்தானே' என்று வற்புறுத்தும் விருந்து விருந்தாகாது. குடியை விட முயல்பவர் வருவதாயின், அன்று புட்டியைத் திறவாமலே இருப்பது இன்னும் மேலான உபசாரம்.

உடல்நலத்தைக் குறித்தும் மறைப்பதற்கில்லை. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1988ஆம் ஆண்டிலேயே மதுபானங்களைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் பட்டியலில் சேர்த்தது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. 'செம்மது இதயத்துக்கு நல்லது' என்று எவரேனும் கூறினால், அதை நம்பிப் பருகத் தொடங்க வேண்டா. கருவுற்ற மகளிரும், மருந்து உட்கொள்வோரும், சட்டம் குறிக்கும் வயதை எட்டாதோரும் அறவே விலகியிருத்தல் வேண்டும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் மதுசாரம் 30 மில்லிகிராமைக் கடந்த நிலையில் வண்டி ஓட்டுவது நம் நாட்டில் குற்றம். இரண்டு சுற்றிலேயே சிலர் அவ்வெல்லையை நெருங்கக்கூடும். ஜோகுபாளையத்துக்கு வருவோர்க்கு அல்சூர் மெட்ரோ நிலையம் அருகிலேயே உள்ளது. ஆகவே அழைப்பு விடுக்கும்போதே, 'வண்டியை வீட்டில் விட்டு வாருங்கள்' என்று சொல்லிவிடுதல் நல்லது.

குடிப்பவன் கலத்தின் அடியை நோக்குகிறான். சுவைப்பவன் அடுத்திருப்பவரின் சொல்லுக்குச் செவி கொடுக்கிறான். அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு, வேற்று மொழி பேசும் அண்டைவீட்டாரை நம் சோற்றுக்கும் குழம்புக்கும் அழைத்து அருகில் அமர்த்திக்கொள்ள ஒரு வாயில் தேவை. திராட்சை மது அதற்குரிய வாயில்களுள் ஒன்று; காப்பியும் மற்றொன்று. எதனைத் தேர்ந்தாலும், வந்தவர் அனைவரும் தெளிந்த மனத்தோடு வீடு திரும்புதலே விருந்தளித்தவரின் கடமை நிறைவேறியதற்கு அடையாளம்.