குடலில் பழகும் எதிர்ப்பாற்றல்

காணை வட்டாரக் கிராமங்களில் ஒன்றரை மாதக் கைக்குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போனால், தொடையில் ஊசி போடுவதோடு வாயில் போலியோ, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துகளையும் விடுவார்கள். சொட்டு மருந்து வேலை செய்யும் இடம் குடல். அங்கே பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியேறியிருக்கும்.

நம் எதிர்ப்பு அணுக்களில் ஏராளமானவை குடல் சுவரை ஒட்டி இருக்கின்றன. எதை விட்டுவைப்பது, எதைத் தாக்குவது என்று அவை தெரிந்துகொள்வது இந்தப் பாக்டீரியாக்களோடு பழகித்தான். பாக்டீரியாவே அண்டாமல் ஆய்வகத்தில் வளர்த்த எலிகளுக்குக் குடலின் நிணநீர்த் திட்டுகள் சரியாக வளர்வதில்லை. குடலைக் காக்கும் ஐஜிஏ எதிர்ப்புரதமும் குறைவாகவே சுரக்கிறது. கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றில் நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் பியூட்ரேட் போன்ற அமிலங்களாக மாற்றுகின்றன. அழற்சியை அடக்கும் டி செல்கள் பெருக பியூட்ரேட் உதவுகிறது.

போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவு பலன் தருவதில்லை என்பதை 1970களிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் காட்டினார். வேலூரிலும் சோதிக்கப்பட்ட ரோட்டாவாக் என்ற ரோட்டா சொட்டு மருந்து, முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை 56 சதவீதம் தடுத்தது. பணக்கார நாடுகளில் ரோட்டா சொட்டு மருந்துகளின் பலன் 85 சதவீதத்துக்கும் மேல். தாயிடமிருந்து வரும் எதிர்ப்புரதம், குடலில் உள்ள பிற வைரஸ்கள், பாக்டீரியாக்களின் சேர்க்கை என இதற்குப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன.

குடல் கிருமிகளை முதலில் அழித்துவிட்டால்? வேலூர்க் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, நோய்க்கிருமிகள் குறைந்தன. போலியோ சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை.

கிருமிகளை அழிப்பதற்குப் பதிலாக, நல்ல பாக்டீரியாவைக் கொடுத்து நோய்த்தொற்றைத் தடுக்க முடியுமா என்று ஒடிசாவில் சோதித்தார்கள். கிராமத்துப் பச்சிளங்குழந்தைகள் 4,556 பேர் இந்த ஆய்வில் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவை, அதற்கு உணவாகும் சர்க்கரையோடு ஏழு நாள் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் 9 சதவீதமாக இருந்த இரத்த நச்சுத்தொற்றும் இறப்பும் இவர்களிடம் 5.4 சதவீதமாக இறங்கியது. நுரையீரல் தொற்றும் குறைந்தது. 2017இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது.

அதற்காகக் கடையில் விற்கும் புரோபயாடிக்கை நாமாக வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. எல்லாப் பாக்டீரியாவும் ஒன்றல்ல. தாய்ப்பாலிலேயே குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரைகள் உண்டு. அவை பிஃபிடோபாக்டீரியாவுக்கான உணவு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். சளி, காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். சொட்டு மருந்தை ஒரு தவணைகூடத் தவறவிடாதீர்கள்: பாதிக்குப் பாதி தடுத்தாலும் அது காப்பாற்றும் உயிர்கள் ஏராளம்.