மர மட்டையா, கார்பன் மட்டையா?

"வாங்கினால் கார்பன் மட்டைதான் வாங்கணும். இல்லாவிட்டால் எனக்கு மட்டையே வேண்டாம்!" என்று ஒற்றைக் காலில் நின்றாள் என் பெண். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி ஹாக்கிக் குழுவில் இடம் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கார்பன் என்றதும் வயிற்றில் புளியைக் கரைத்தது. விலைக்காக மட்டும் அல்ல.

நாலு வருஷத்துக்கு முன் மூத்த பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். விலை உயர்ந்தது எதுவோ அதுதான் நல்லது என்று நினைத்தேன். பந்தை நிறுத்தப் போனால் மட்டையில் பட்டு நாலு முழம் எகிறிப் போகும். "கை அதிருதும்மா, எனக்கு ஆட வரலை" என்று ஒரே மாதத்தில் விட்டுவிட்டான். மட்டையும் பிறகு யார் கைக்கோ போய்ச் சேர்ந்தது. தப்பு பிள்ளையிடம் இல்லை, மட்டையில் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தத் தடவை அண்ணாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். கல்லூரி நாளில் ஆடியவர். கடையில் மர மட்டை ஒன்றைக் கையில் எடுத்ததும் அவருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

"இது என்ன மரம், சொல்லு பார்ப்போம்? மல்பெரி! உன் பட்டுப் புடவைக்கு நூல் கொடுக்கிற புழு தின்கிறதே, அந்த ஜாதி மரம்" என்றார். எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. அடிப்பக்கத்தை ஆவியில் வாட்டி வளைப்பார்களாம். கைப்பிடிக்குப் பிரம்பு; அதன் நடுவே ரப்பர். அடியின் அதிர்ச்சி கைக்கு ஏறாமல் அதுவே வாங்கிக்கொள்ளும். முன்பு ஸியால்கோட் இதற்குப் பேர்போன ஊர். 1947-ல் தேசப் பிரிவினையின்போது அங்கிருந்து வந்த தொழிலாளிகள் ஜலந்தரில் இந்தத் தொழிலை வளர்த்தார்கள். தியான் சந்த் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கித் தந்தது மர மட்டையால்தான்.

பிறகு ஏன் மாறினார்கள்? தரை மாறியது. 1976-ல் மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் புல்லுக்குப் பதில் செயற்கைத் தரை வந்தது. அதில் பந்து சீறிப் பாயும். தரைக்குத் தண்ணீர் வேறு தெளிப்பார்கள். ஈரத்தில் மரம் ஊறும், சிலும்பும். 1990-களில் கண்ணாடி இழையையும் கார்பன் இழையையும் பிசினில் ஒட்டி அச்சில் வார்த்த மட்டைகள் பரவின. கார்பன் கூடக் கூட மட்டை விறைக்கும். விறைத்த மட்டை நம் அடியின் வேகத்தை அப்படியே பந்துக்குக் கொடுக்கும். வருகிற பந்தையும் அதே வேகத்தில் திருப்பி அனுப்பும்! பழகிய கைக்கு அது வரம். புதிய கைக்கு வம்பு.

எதில் செய்தாலும் விதி ஒன்றுதான். எடை 737 கிராமைத் தாண்டக் கூடாது. 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் மட்டை நுழைந்து வரவேண்டும்.

ஒரு வேடிக்கை. பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 1980-ல், மாஸ்கோவில். மர மட்டைக் காலம். நம் பெண்கள் நாலாவதாக வந்தார்கள். கார்பன் காலத்தில், 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியிலும் நாலாவது இடந்தான்!

கடைக்காரர் நல்ல மனிதர். வாசல் சிமெண்டுத் தரையில் ஆடிப் பார்க்க அனுமதித்தார். அண்ணா பந்தை உருட்டினார். கார்பன் மட்டையில் பட்ட பந்து தெருவுக்கே ஓடிற்று. கார்பன் குறைந்த கண்ணாடி இழை மட்டையில் சற்றே துள்ளிற்று. மர மட்டையில் சாதுவாக நின்றது. பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவளே இன்னொரு தரம் உருட்டச் சொன்னாள்.

அவள் பள்ளி மைதானம் மண் தரை. ஆகவே மரமே போதும் என்று முடிவாயிற்று. செயற்கைத் தரையில் ஆடப் போகும்போது கார்பன் குறைந்ததாக ஒன்று வாங்கலாம் என்றார் அண்ணா. நேராக நிற்க வைத்து, இடுப்பு எலும்பு உயரத்துக்கு மட்டை வருகிறதா என்று பார்த்தார். ‘வளர்கிற பெண்தானே’ என்று பாவாடை தைக்கிற மாதிரி நீளமாக வாங்க நினைத்தேன். கூடாது என்று தடுத்துவிட்டார். எந்த மட்டையானாலும் விரிசல் விட்டால், ஓரம் பிய்ந்து இழை நீட்டினால் உடனே ஒதுக்கிவிடவேண்டுமாம். அந்த இழை கையில் ஏறினால் முள்ளைவிட மோசம்.

மறுநாள் சாயங்காலம் கொல்லைப்புறத்தில் ‘டொக், டொக்’ என்று சத்தம். பெண்தான் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அவள் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். மட்டை அவள் அண்ணன் கையில் இருந்தது.