டிக் போதாது, எண் வேண்டும்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் நின்றுபோனது. மின்னணுத் தொழில் நிற்கவில்லை. சுங்குவார்சத்திரம், ஒரகடம், ஓசூர் என்று விரிந்துகொண்டேதான் இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதல் நாளே சந்திக்கும் சிறு கருவி ஒன்றைப் பற்றியது இந்த வாரம்: வாசலோரத்து இ.எஸ்.டி. (நிலைமின் வெளியேற்ற) டெஸ்டர்.

நைலான் சேலையை உதறும்போது சடசடவென்று கேட்கிறதே, அதே நிலைமின்சாரம்தான் இங்கே எதிரி. விரலில் சுரீர் என்று உறைக்க உடலில் சுமார் 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். 100 வோல்ட்டிலேயே பழுதாகும் சிப்புகள் உண்டு. ஆகவே, தொட்டவருக்கே தெரியாமல் போர்டு கெட்டுவிடும். அரைகுறையாகக் கெட்டால் இன்னும் தொல்லை. சோதனையில் தேறிப் பெட்டியில் ஏறி, வாங்கியவர் கையில் சில மாதம் கழித்து நின்றுபோகும்.

அதனால்தான் மணிக்கட்டில் ரிஸ்ட் ஸ்ட்ராப். உடலில் சேரும் மின்னூட்டத்தை அது எர்த்துக்கு இறக்கிவிடுகிறது. அதற்குள் ஒரு மெகா ஓம், அதாவது 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அது சிப்பைக் காக்க வைத்ததல்ல, ஆளைக் காக்க வைத்தது. தவறி 230 வோல்ட்டில் கை பட்டாலும் ஸ்ட்ராப் வழியே கால் மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது.

வாசலோரத்து டெஸ்டர் அளப்பது ஸ்ட்ராப்பும் அணிந்தவரும் சேர்ந்த தடையை. அது 35 மெகா ஓமுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன அமெரிக்காவின் எஸ்20.20, சர்வதேச ஐ.இ.சி. 61340-5-1 ஆகிய தரநிலைகள். ஸ்ட்ராப் தளர்ந்திருந்தால், தோல் வறண்டிருந்தால், வயர் உள்ளே அறுந்திருந்தால் எண் ஏறிவிடும். பல டெஸ்டர்கள் முக்கால் மெகா ஓமுக்குக் கீழே இறங்கினாலும் சிவப்பு காட்டும். ரெசிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் ஆபத்து ஆளுக்கு.

மணிக்கட்டுக்குப் பதில் காலணியில் மாட்டும் ஹீல் ஸ்ட்ராப் என்றால் இரண்டு காலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு, ரெஜிஸ்டரில் வெறும் டிக் போடுவதுதான் பொறுக்க முடியாதது. 3 மெகா ஓம் காட்டிய ஸ்ட்ராப் அடுத்த வாரம் 11, அதற்கடுத்த வாரம் 28 என்று ஏறினால், வயர் தேய்கிறது என்பது எண்ணை எழுதியவருக்குத் தெரியும். டிக் போட்டவருக்கு மூன்று வாரமும் ஒன்றுதான். ஒருநாள் காலை ஸ்ட்ராப் ஃபெயில் ஆகிறது என்று வையுங்கள். கடைசியாகப் பாஸ் ஆன நேரம் எழுதியிருந்தால், அதற்குப் பிறகு அந்தக் கைகள் தொட்ட போர்டுகளை மட்டும் தனியே எடுத்து வைக்கலாம். எழுதாவிட்டால் எதைச் சந்தேகிப்பது, எதை விடுவது? பழி வந்து விழும்போது தொழிலாளியின் பக்கம் பேசுவதும் அந்த வரிதான்.

டெஸ்டருக்கும் கேலிப்ரேஷன் தேதி உண்டு; பெரும்பாலும் ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும். அது காலாவதியாகியிருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். உங்கள் எண்ணை நீங்களே பார்த்து எழுதுங்கள். செய்யாத சோதனைக்கு, யார் அவசரப்படுத்தினாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.