மதர்போட் பழுதில்லை, மணிதான் ஒன்று

எங்கள் கடையின் பின்னறையில் விண்டோஸ் 98 ஓடும் பழைய கொம்பியூட்டர் ஒன்று இன்னும் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் 2006 ஜூலையிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. பழைய கொடுக்கல் வாங்கல் கணக்கு முழுவதும் அதற்குள் கிடப்பதால் நான் கைவிடவில்லை. உங்களில் சிலரிடமும் இப்படியொன்று இருக்கலாம்.

2003இல் அது என்னைப் படாதபாடு படுத்தியது. ஓடர் அனுப்ப பெக்ஸ் மொடெம் ஒன்றை உள்ளே பூட்டினோம். மொடெம் டயல் பண்ணியதும் மவுஸ் அப்படியே நின்றுவிடும். இருப்புக் கணக்கின் நடுவே இரண்டு தடவை இப்படியாகி, அன்றைய பில்களை முதலிலிருந்து பதிந்தோம். பார்க்க வந்தவர், "மதர்போட் போயிட்டு நானா, புதுசு போடுவோம்" என்றார். நல்ல காலம், அன்று கையில் காசு இருக்கவில்லை.

மருமகன் வந்து மவுஸைக் கழற்றினான். கீபோர்டால் மட்டும் ஓட்டியபோது மொடெம் ஓடியது. மொடெமைக் கழற்ற, மவுஸ் ஓடியது. தனித்தனியே இரண்டும் நல்லது, சேர்ந்தால்தான் சண்டை.

கடைப் பையன்கள் முதலாளியை மணியடித்துக் கூப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொம்பியூட்டரில் அந்த மணிக்குப் பெயர் ஐ.ஆர்.கியூ. அந்தக் கால மெஷின்களில் 0 முதல் 15 வரை 16 மணிகள்தான். கீபோர்டுக்கு 1, ஹாட் டிஸ்க்குக்கு 14 என்று பல முன்பே போய்விடும். கொம் 1, கொம் 3 இரண்டுக்கும் வழமையாக 4; கொம் 2, கொம் 4 இரண்டுக்கும் 3. எங்கள் மவுஸ் கொம் 1இல், மொடெம் கொம் 3இல். பிந்தி வந்த பி.சி.ஐ. கார்ட்கள் ஒரே மணியைப் பகிர்ந்துகொள்ளும். எங்கள் மொடெம் போன்ற பழைய ஐ.எஸ்.ஏ. கார்ட்களுக்குப் பொதுவாக அந்தப் பழக்கமில்லை.

மருமகன் பயோஸில் நுழைந்து, நாங்கள் பாவிக்காத கொம் 2ஐ மூடினான். மொடெமிலுள்ள சின்ன ஜம்பரை மாற்றி அந்த இடத்தை அதற்குக் கொடுத்தான். செலவு ஒரு பிளேன்டீ.

உங்கள் மெஷினில் பார்க்க, டிவைஸ் மனேஜரில் மேலேயுள்ள 'கொம்பியூட்டர்' என்பதை இரண்டு தரம் கிளிக் பண்ணுங்கள். எந்த மணி யாருக்கு என்ற பட்டியல் வரும். மஞ்சள் ஆச்சரியக்குறி இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். சில பழைய சவுண்ட் கார்ட்கள் பிரின்டருக்குரிய 7ஐப் பிடித்துக்கொள்ளும். பிரின்டர் கோளாறு என்றால் அதையும் பாருங்கள்.

பெட்டியைத் திறக்குமுன் கணக்கைப் பிரதி எடுத்து, கரண்ட் வயரையும் கழற்றிவிடுங்கள். ஜம்பரை மாற்றினால் பெக்ஸ் மென்பொருளிலும் கொம் 2 என்று மாற்ற வேண்டும். நாங்கள் அதை மறந்து, மொடெம்தான் செத்துவிட்டதென்று அரை மணித்தியாலம் முழித்துக்கொண்டிருந்தோம்.