நாய் உண்ணியை ஒழிக்கும் வழி

வீட்டையும் ஆட்டுப்பட்டியையும் இரவு பகலாகக் காப்பது நாய். அதன் காதிலும் விரலிடுக்கிலும் ஒட்டியிருந்து இரத்தத்தை உறிஞ்சும் உண்ணியை நாம் அற்பமாக எண்ணிவிடுகிறோம். இது தவறு. ‘எர்லிக்கியா’ என்னும் கிருமியை நாய்க்குப் பரப்புவது இவ்வுண்ணியே. அந்நோய் கண்ட நாய் ஜுரத்தால் வாடும், தீனியை மறுக்கும், ஈறு வெளுக்கும், சில வேளை மூக்கில் இரத்தம் வடியும்.

மனிதருக்கும் அபாயம் உண்டு. ‘இந்திய உண்ணி டைபஸ்’ என்னும் ஜுரம் இவ்வுண்ணி கடிப்பதாலும் வரும். கடும் ஜுரமும் தலைவலியும் தோன்றி, சில நாட்களில் உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடலெங்கும் சிவந்த தடிப்புகள் காணலாம். காலத்தில் சிகிச்சை பெற்றால் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். உண்ணி கடித்த விவரத்தை மருத்துவரிடம் தவறாது கூறவேண்டும்.

நாய்க்கு மருந்திட்டும் உண்ணி மீண்டும் வருவது ஏன்? உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. குஞ்சுகள் நாயைப் பற்றுவதும், வயிறு நிறைந்தபின் உதிர்ந்து மறைவதுமாக வளர்கின்றன. வளர்ந்த உண்ணி பல மாதங்கள் பட்டினியாகவும் உயிர்வாழும். ஆகவே, நாய்க்கும் அது படுக்கும் இடத்திற்கும் ஒருசேரச் சிகிச்சை செய்வதே வழி.

நாம் செய்யவேண்டியவை:

1. சுவர், திண்ணை வெடிப்புகளைப் பூசி அடைத்தல். நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்துதல்.

2. உண்ணியை விரலால் நசுக்காது, சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் இட்டுக் கொல்லுதல். பின் சோப்பினால் கைகழுவுதல். நெருப்போ மண்ணெண்ணெயோ வைத்தல் ஆகாது.

3. கால்நடை மருத்துவர் கூறும் மருந்தை, கூறிய அளவில், கூறிய இடைவெளியில் இடுதல். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நாயின்மீது பூசுவோர் உளர். நாய் அதை நக்கி மாண்டுபோகும், பூசுபவருக்கும் கேடு.

ஒரு வீட்டார் மட்டும் முயன்றால், அடுத்த வீட்டு நாயும் தெரு நாயும் உண்ணியைத் திரும்பக் கொணரும். சாவடியும் பள்ளித் தாழ்வாரமும் நாய்கள் படுக்கும் இடங்களாகிவிட்டன. அவற்றின் வெடிப்புகளை அடைப்பதும், கால்நடை மருத்துவரை அழைத்து ஊர் நாய்கள் அனைத்திற்கும் ஒரே நாளில் மருந்திட ஏற்பாடு செய்வதும் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதற்கு நாள் குறிப்போமாக.