நதிக் கணக்கு – 9: பனி இருந்தது, தண்ணீர் எங்கே?

கொலராடோ ஆற்றுக்கு மழை இரண்டாம்பட்சம்தான். ராக்கி மலைகளில் குளிர்காலம் முழுக்கக் குவியும் பனிதான் அதற்குப் படியளக்கிறது. ஏப்ரலில் உருகத் தொடங்கினால் மே கடைசியிலோ ஜூனிலோ வெள்ளம் உச்சத்தைத் தொடும். நண்பகல் வெயிலில் உச்சியில் உருகிய நீர் கீழே வந்துசேர நேரமாகும் என்பதால், அடிவார ஓடைகளில் பகலைவிட இரவில் நீர்மட்டம் கூடியிருப்பதும் உண்டு.

ஆக, வரப்போகும் தண்ணீரை மலைமேலேயே நிறுத்துப் பார்த்துவிடலாம். உயரத்தை மட்டும் அளந்து பயனில்லை. புதுப்பனி பஞ்சு மாதிரி, ஓர் அடிக்கு ஓர் அங்குலத் தண்ணீர் தேறினாலே பெரிது. இதற்கு வழிகண்ட முன்னோடிகளில் ஒருவரான ஜேம்ஸ் சர்ச் பொறியாளரே அல்ல. நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்தவர்! 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்ட் ரோஸ் மலையேறி, பனிக்குள் குழாயைச் செருகி, சிக்கியதை எடைபோட்டார். இன்று உறையாத திரவம் நிரப்பித் தரையில் பரப்பிய ‘பனித் தலையணைகள்’ அதைச் செய்கின்றன. விவசாயி முதல் அணை அதிகாரி வரை எல்லோரும் காத்திருப்பது ஏப்ரல் 1-ம் தேதிக் கணக்குக்குத்தான்.

2021-ல் பனியை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மேல்படுகையில் பனி வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஆற்றை அணைகட்டித் தேக்கிய பாவெல் ஏரிக்கு வந்த நீர், சராசரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முந்தைய கோடையும் இலையுதிர்காலமும் பொய்த்து, மண் வறண்டு கிடந்தது. உருகியதை முதலில் குடித்தது அதுதான். ஆற்றுக்கு மிச்சம்தான் கிடைத்தது. அந்த ஆகஸ்டில், அதற்குக் கீழே உள்ள இன்னொரு நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கு வரலாற்றில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. அடி முதலில் விழுந்தது அரிசோனாவின் பினல் பகுதி விவசாயிகள்மேல்.

மண்ணைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1922-ல் சாண்டா ஃபே அருகே ஏழு மாநிலங்கள் போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்படுகைக்கு 75 லட்சம். நம் கணக்கில் தலா 327 டி.எம்.சி.க்குப் பக்கம். 1944-ல் மெக்சிகோவுக்கு இன்னொரு 15 லட்சம். ஆற்றங்கரைப் பழங்குடிகளை அந்தப் பேச்சுக்கு யாரும் கூப்பிடவில்லை என்பது தனிக் கதை. ஒப்பந்தக்காரர்கள் கையில் இருந்ததோ, வழக்கத்தை மீறி ஈரமாக இருந்த சில ஆண்டுகளின் அளவீடுகள். பங்கு போட்டது 165 லட்சம். 2000-க்குப் பிறகு ஆறு தருவது சராசரியாக 125 லட்சத்தை ஒட்டித்தான்.

இந்தத் துண்டு பல ஆண்டுகள் யார் கண்ணையும் உறுத்தவில்லை. மேல்படுகை தன் பங்கை முழுதாக எடுக்கவில்லை. 2000-ல் மீட், பாவெல் ஏரிகள் இரண்டும் ஏறக்குறைய நிரம்பியும் இருந்தன. 2022-ல் இரண்டுமே மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விட்டன.

(தொடரும்)