தானே படிக்கும் திறன் எங்கிருந்து வருகிறது?

பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவன் கல்லூரியின் முதலாண்டிலேயே தடுமாறுவதை ஆசிரியர்கள் பலரும் பார்த்திருப்பர். பாடம் கடினமாக இருப்பது மட்டுமே இதற்குக் காரணமன்று. எதை முதலில் படிப்பது, எவ்வளவு நேரம் படிப்பது, படித்தது மனத்தில் நின்றதா என்று எப்படிச் சோதிப்பது என்பவற்றை அதுவரை பள்ளி மணியும் ஆசிரியரும் முடிவு செய்து வந்தனர். இப்போது அவனே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வர இருப்பவருக்கு வீட்டிலும் வழி சொல்ல ஆளில்லை. ‘சோம்பேறி’ என்ற பட்டம் மட்டும் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது!

தன்னைத் தானே நடத்திச் செல்லும் இந்த ஆற்றலை உளவியலார் நிருவாகத் திறன்கள் என்பர். அவற்றுள் மூன்று அடிப்படையானவை. 27-ஐ 14-ஆல் மனத்திலேயே பெருக்கிப் பாருங்கள். 270 என்று கண்டதும் அதை ஓரமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, 108-ஐக் கண்டு, இரண்டையும் கூட்ட வேண்டும். இப்படிப் பிடித்து வைப்பது செயல்நினைவு. முந்திக்கொண்டு வரும் எண்ணத்தை நிறுத்தி வைப்பது இரண்டாவது திறன். ஒரு வழி பயன்படாதபோது வேறு வழிக்கு மாறுவது மூன்றாவது. இவற்றில் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதிக்குப் பெரும் பங்குண்டு. அது முழு முதிர்ச்சி பெற இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகின்றன.

குழந்தைகளிடம் செய்யப்படும் ஒரு சோதனையைப் பாருங்கள். சிவப்பு, நீல நிறங்களில் முயலும் படகும் வரைந்த அட்டைகளை முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்வார்கள். பிறகு, ‘இனி உருவப்படி பிரி’ என்பார்கள். மூன்று வயதுக் குழந்தை புதிய விதியைக் கேட்டால் சரியாகவே சொல்லும். கையோ பழையபடி நிறத்தைப் பார்த்தே அட்டையைப் போடும். ஐந்து வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் மாற்றிக்கொள்கின்றன. தெரிவது வேறு, அதன்படி நடப்பது வேறு. ‘படிக்க வேண்டும் என்று தெரியாதா உனக்கு?’ என்று பிள்ளையைக் கேட்கும் பெற்றோர் இச்சோதனையை நினைத்துக்கொள்ளலாம்.

செயல்நினைவின் கொள்ளளவோ மிகச் சிறியது. ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கு செய்திகளே அதில் தங்கும் என்று 2001இல் நெல்சன் கோவன் மதிப்பிட்டார். இதைப் பெருக்குவதாகக் கூறும் கணினி விளையாட்டுகள் விற்பனைக்கு வந்தன. விளையாடுபவர் அந்த விளையாட்டில் தேர்கிறார்; கணக்கிலும் வாசிப்பிலும் முன்னேற்றம் காண்பது அரிது. எனவே சுமையை மூளையிலிருந்து வெளியே இறக்கி வைப்பதே நடைமுறைக்கு உகந்த வழி.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான அட்டைமுறையைத் தழுவி, எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்த காலத்தில், 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் அது மாநிலமெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, சுவரில் ஏணிப்படமாக இருக்கும். குழந்தை தன் படியைத் தானே பார்த்து, அதற்குரிய சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, உரிய குழுவில் பாயில் உட்காரும். ஆசிரியர் உதவும் குழு, தோழர் உதவும் குழு, தானே செய்யும் குழு என்று குழுக்கள் பலவகை. படியை முடித்ததும் அடைவுப் பட்டியலில் குறிக்க வேண்டும். ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வியைச் சுவரே சுமந்தது. ஏழைக் குழந்தைகளின் பள்ளியில் இந்தப் பொறுப்பைக் குழந்தையிடமே நம்பிக் கொடுத்தது சிறிய செயலன்று.

குறைகளும் இருந்தன. அட்டை கிழிந்தால் ஏணியில் ஒரு படி போயிற்று. புரிந்தோமா என்று பாராமல் அட்டையை முடிப்பதே குறியாகவும் ஆகக்கூடும். 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது.

ஏணியைக் கல்லூரி மாணவனும் வரைந்துகொள்ளலாம். ‘இன்று இயற்பியல் படிப்பேன்’ என்பது படியன்று. ‘மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும் திண்ணையில் உட்கார்ந்து, தனிஊசலின் அலைவு நேரச் சமன்பாட்டைப் புத்தகம் பாராமல் வருவிப்பேன்’ என்பதே படி. இடமும் நேரமும் முன்பே முடிவாகிவிட்டதால் அப்போது மனத்தோடு போராட வேண்டியதில்லை.

‘புத்தகம் பாராமல்’ என்பது முக்கியம். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு பகுதியை நான்கு வேளை படித்தவர்களையும், ஒரு வேளை படித்து மூன்று வேளை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. வேடிக்கை என்னவென்றால், நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே!

ஆசிரியர் செய்யக்கூடியதும் உண்டு. முதல் மாதம் ஏணியை அவரே எழுதிக் கொடுக்கலாம். இரண்டாம் மாதம் பாதிப் படிகளைக் காலியாக விட்டு மாணவரை நிரப்பச் சொல்லலாம். மூன்றாம் மாதம் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு, அவர்கள் எழுதியதை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.